ஆறு வாரத்தில் ஒரு பொத்தான்

படிவத்தில் எழுதியிருந்தேன்:
பெயர் இலாரியோ. வயது ஆறு. ஆட்டிசம். பேச்சு குறைவு.
இலக்கு: மேலங்கியின் பொத்தானைத் தானே போடுதல்.
காலம்: ஆறு வாரம்.
கீழே என் கையெழுத்து, யாஸ்னா.
எழுதும்போது எனக்கே நம்பிக்கை இருந்தது.

என் வேலைக்குப் பெயர் தொழில்வழிச் சிகிச்சை.
ஆறு வயதுக்காரனுக்கு என்னம்மா தொழில் என்று
டாக்ஸிக்காரர்கள் கேட்பார்கள்.
சாப்பிடுவது, சறுக்குவது, காலுறை மாட்டுவது,
கழுத்துப்பட்டியின் உறுத்தலை
ஒரு பகல் முழுக்கத் தாங்குவது.
தொழில்தானே.

முதல் வாரம் அவன் மேசைக்கு அடியில்.
நானும் மேசைக்கு அடியில்.
பொத்தான் தைத்த பலகையைக் கவிழ்த்துப் போட்டுப்
பின்புற நூல்முடிச்சுகளை எண்ணினான், அல்லது
எண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.
பதினொன்று. நானும் எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாம் வாரம் ஊஞ்சல்.
குப்புறப் படுத்து, தலை தொங்க,
தரையின் கோடுகள் ஓடுவதைப் பார்த்தபடி நாற்பது நிமிடம்.
இறக்கிவிட நினைத்துத் தோளில் கை வைத்தேன்.
அவன் போட்ட சத்தத்தில்
பக்கத்து அறைப் பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.
விரல்நுனி அவனுக்குத் தீக்குச்சி.
படித்திருக்கிறேன். பரீட்சைகூட எழுதியிருக்கிறேன்.
கை மறந்துவிடுகிறது.

அவன் அம்மா மருஹா
நண்டுத் தொழிற்சாலையில் ஓடு உடைப்பவள்.
அந்த வாடை மகனுக்கு ஆகாது என்று
முழங்கைவரை எலுமிச்சை தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள்.
படிவத்தில் இல்லாததை ஒருநாள் கேட்டாள்:
"என்னை எப்போதாவது கட்டிக்கொள்வானா?"
பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.
எலுமிச்சை மணத்தது.

எங்கள் ஊர் புந்தா அரேனாஸ்.
வரைபடத்தின் கீழ்விளிம்பில்,
மடித்து மடித்துக் கிழிந்துபோகும் இடத்தில் இருக்கிறது.
வசந்தம் வந்தால் பூ வருகிறதோ இல்லையோ
காற்று வரும்.
நகராட்சி ஆட்கள் முச்சந்தியில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
நான்காம் வார வியாழன்
ஒரு வக்கீல் தன் காகிதங்களைத் துரத்திக்கொண்டு ஓடினார்.
நாய்கள்கூடச் சுவரோரம்.

இலாரியோ கயிற்றைப் பிடிக்கவில்லை.
அதன்மேல் வயிற்றைச் சாய்த்து
கைகளை விரித்துக் கண்மூடி நின்றான்.
முதல்முறையாகப் பார்க்கிறேன்
அவன் தாடை தளர்வதை.
விரலே இல்லாத ஒன்று
நெற்றியிலிருந்து கணுக்கால்வரை
ஒரே அழுத்தமாக, ஒரே நேரத்தில்
அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு வீச்சு. அரையடி பின்னால் தள்ளியது.
பின்னால் மருஹா.
அவன் முதுகு அவள் மேலங்கியில் பட்டது.
நகரவில்லை.
அவள் கைகள் எழுந்தன, பார்த்தேன்,
பாதியில் நின்றன,
போய்க் கயிற்றைப் பற்றிக்கொண்டன
அவனுக்கு இரு பக்கமும், அவனைத் தொடாமல்.
சிக்னல் மூன்று முறை மாறியது.
நாங்கள் சாலையைக் கடக்கவில்லை.

அவன் மேலங்கி படபடவென்று அடித்துக்கொண்டது.
அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.
குனிந்தான். ஒரு பொத்தானைப் பிடித்துத் திணித்தான்.
மூன்றாவது பொத்தான், இரண்டாவது துளை.
சத்தம் நின்றது.

படிவத்தில் எழுதினேன்: ஒன்று. துளை மாறி.
மேலதிகாரி திருத்தச் சொன்னார்.
துளையையா என்றேன்.

அடுத்த வியாழன் காற்றே இல்லை.
இந்த ஊரில் அப்படியும் ஒரு நாள்.
கயிறு தொய்ந்து கிடந்தது.
இலாரியோ அதனருகே நின்று காத்திருந்தான்.
எங்களைத் திரும்பிப் பார்த்தான்,
சுவிட்சைப் போட மறந்தவர்களைப் பார்ப்பதுபோல.
மருஹா மெல்ல நகர்ந்து
அவன் முதுகுக்கு நேரே போய் நின்றாள்.
அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்
மருந்துக்கடைச் சுவரில் முதுகை அழுத்திக்கொண்டான்.

"சுவர் கொடுத்துவைத்தது" என்றாள்.
சிரித்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.
பிறகு தானும் போய்
அதே சுவரில், நான்கு செங்கல் தள்ளி,
சாய்ந்துகொண்டாள்.